பக்க விளைவுகளின் வரலாறு: இந்தியாவில் கருத்தடை முறைகள்

‘குடும்பக் கட்டுப்பாடு’ என்று சொன்னால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் புரிந்துகொள்வது ஒன்றைத்தான்: இரண்டாவது குழந்தை பிறந்ததும் பெண்ணுக்குச் செய்யப்படும் ஆபரேஷன். ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?’ என்ற கேள்வி மனைவியிடம்தான் கேட்கப்படுகிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமான, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் வெறும் 0.3 சதவீதம்.

மருத்துவக் காரணங்களால் இந்த ஏற்றத்தாழ்வை விளக்க முடியாது. ஆணுக்கான அறுவை சிகிச்சை எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, தோல் மரத்துப்போக ஓர் ஊசி போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். தவறிப்போகும் வாய்ப்பும் குறைவு. முதல் ஆண்டில் 1000 தம்பதிகளில் ஒருவர் அல்லது இருவருக்கே அது தவறுகிறது. பெண்ணுக்கான அறுவையில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்து. அப்படியிருந்தும் நாடு ஏன் இந்தப் பக்கம் சாய்ந்தது? ஒவ்வொரு முறையும் எப்போது வந்தது, வந்தபோது அதன் பக்க விளைவுகளை யார் அனுபவித்தார்கள், யார் அவற்றைக் கணக்கில் எடுத்தார்கள் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சட்டமும் சீர்திருத்தமும்

கருத்தடை பற்றிய பொது விவாதத்தின் தொடக்கத்திலேயே சென்னைக்கு ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் எழுதிய ஒரு சிறு நூலை மறுபதிப்பு செய்ததற்காக 1877-ல் லண்டனில் அன்னி பெசன்ட்டும் சார்லஸ் பிராட்லாவும் ஆபாசக் குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். வழக்கின் விளம்பரத்தாலேயே நூல் பெருமளவில் விற்றது. அதே பெசன்ட் அம்மையார் பிரம்மஞான சபையில் சேர்ந்தபின், இதே பொருளில் தாமே எழுதியிருந்த நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் அடையாறுக்கு வந்தது அந்த மனமாற்றத்துக்குப் பிறகு.

இந்தியாவில் ஆர்.டி. கார்வே 1921-ல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை மையம் தொடங்கினார். அதற்காகக் கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்தார். சென்னையில் 1920களின் இறுதியில் நீதிபதி வேபா ராமேசம் போன்றோர் சேர்ந்து நவ மால்தூசியச் சங்கம் நடத்தினர். மைசூர் சமஸ்தானம் 1930-ல் அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தது. உலகில் ஓர் அரசு தானே முன்வந்து இதைச் செய்தது அதுவே முதல்முறை என்று கருதப்படுகிறது.

இவர்களில் பலருடைய வாதம் மக்கள்தொகை, நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. பெரியார் அந்த வாதங்களிலிருந்து தம்மைப் பிரித்துக்கொண்டார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. பெண் விடுதலைக்காகவும் அவள் தன் விருப்பப்படி வாழ்வதற்காகவும் கருத்தடை வேண்டும் என்பது அவர் நிலை. நாட்டின் நலனோ குடும்பச் சொத்தோ அவருக்கு இதில் முதன்மையில்லை. இந்த வேறுபாடு பின்னால் வந்த அரசுத் திட்டங்களைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். அரசு எடுத்துக்கொண்டது முதல் வாதத்தை. இரண்டாவது வாதம் மேடையோடு நின்றுவிட்டது.

அன்று கிடைத்த முறைகள் ரப்பர் மூடி, பஞ்சு, நுரைக்கும் பொடி, ஆணுறை போன்றவை. எரிச்சல், அசௌகரியம் என்பதைத் தாண்டி இவற்றால் உடலுக்குப் பெரிய கேடு இல்லை. ஆனால் அடிக்கடி தவறிப்போகும். விலையும் தனியறையும் தண்ணீர் வசதியும் தேவை. ஒற்றை அறை வீட்டில் மாமியாரோடு வாழ்ந்த பெண்ணுக்கு இவை எட்டாத பொருட்கள்.

பாசிமணி மாலை

1952-ல் இந்தியா தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. செயற்கை முறைகளில் அவருக்கு உடன்பாடில்லை. எனவே உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் ‘பாதுகாப்பான நாட்கள்’ முறை மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் சோதிக்கப்பட்டது. நாட்களைக் கணக்கிடப் பெண்களுக்குப் பல நிறப் பாசிமணிகள் கோத்த மாலை தரப்பட்டது. தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். குறிப்பிட்ட நிறம் வரும் நாட்களில் விலகியிருக்க வேண்டும். பக்க விளைவே இல்லாத முறை இது. பலனும் ஏறக்குறைய இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மணி எண்ணிப் பயனில்லை. மணியை எண்ணுவது மனைவி, விலகியிருக்க வேண்டியது கணவன் என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

லூப்: ஒரு வேகமான ஏற்றமும் இறக்கமும்

அமெரிக்காவின் பஃபலோ நகர மருத்துவர் ஜேக் லிப்பஸ் 1960களின் தொடக்கத்தில் பாலித்தீனில் ஒரு கருப்பைச் சாதனத்தை வடிவமைத்தார். இரண்டு ‘எஸ்’ எழுத்தை அடுத்தடுத்து வைத்தது போன்ற வளைவு, அடியில் ஒரு நைலான் நூல். இதுதான் லிப்பஸ் லூப். திட்டமிடுவோருக்கு இது வரப்பிரசாதமாகத் தோன்றியது. தினமும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கணவனின் ஒத்துழைப்பு தேவையில்லை. ஒருமுறை பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். விலை சில பைசாக்கள். 1965-ல் இந்திய அரசு இதைத் தன் திட்டத்தின் மையமாக ஆக்கியது. கான்பூரில் உற்பத்தியும் தொடங்கியது.

முதல் ஆண்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு லூப் பொருத்தப்பட்டது. 1966-67-ல் அது 9 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு 7 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

அதிகாரிகள் இதற்கு வதந்தியைக் காரணம் காட்டினார்கள். லூப் உடலுக்குள் நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும், கணவனுக்கு ‘ஷாக்’ அடிக்கும் என்றெல்லாம் ஊருக்கு ஊர் பேச்சு இருந்தது உண்மைதான். ஆனால் வதந்திக்கு அடியில் ஓர் உடல் அனுபவம் இருந்தது. இத்தகைய சாதனங்கள் மாதவிடாயின்போது வெளியேறும் ரத்தத்தின் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கும். இடையிடையே கசிவும் அடிவயிற்று வலியும் வரும். சத்தான உணவு உண்டு ஆரோக்கியமாக இருக்கும் பெண்ணுக்கு இது தொல்லை மட்டுமே. ஏற்கெனவே ரத்தசோகையுள்ள, வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு இது நோய். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘வீட்டுக்குத் தூரம்’ என்று மூன்று நாள் ஒதுக்கிவைக்கும் வீட்டில் கசிவு பத்து நாள் நீடித்தால் யார் சமைப்பது, யார் தண்ணீர் எடுப்பது? மருத்துவ அறிக்கை ‘சிறு கசிவு’ என்று எழுதியது அந்த வீட்டில் சிறியதாக இருக்கவில்லை.

லூப் பொருத்தும் முன் இதெல்லாம் வரலாம் என்று சொல்லியிருந்தால், பொருத்தியபின் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் பலர் தொடர்ந்திருப்பார்கள். ஆனால் திட்டம் இலக்குகளின் மேல் நின்றது. மத்திய அரசு மாநிலங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கியது: லூப்புக்கு 11 ரூபாய், ஆண் அறுவைக்கு 30 ரூபாய், பெண் அறுவைக்கு 40 ரூபாய். பொருத்தியதற்குத்தான் கணக்கு. பொருத்திய பெண் அடுத்த மாதம் எப்படி இருக்கிறாள் என்பதற்குக் கட்டமே இல்லை. கிராமத்துக்குப் போகும் பெண் மருத்துவர்களின் பற்றாக்குறை வேறு. ஒரு நல்ல கருவி மோசமான பெயர் வாங்கியது இப்படித்தான். பின்னால் வந்த காப்பர்-டி இந்தப் பழைய பெயரையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது. இன்றும் பாட்டிமார் அதை ‘லூப்’ என்றே சொல்வதையும், சொல்லும்போது முகம் சுளிப்பதையும் பார்க்கலாம்.

காப்பர்-டி உண்மையில் வேறொரு தலைமுறைக் கருவி. ஹோவர்ட் டேட்டம் ‘டி’ வடிவத்தை உருவாக்க, சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் செம்பின் கருத்தடைத் திறனைக் கண்டறிந்தார். செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்வதால் கருவி சிறியதாக இருந்தாலே போதும். ஆயிரம் பெண்களில் எட்டுப் பேருக்குத்தான் முதலாண்டில் தவறும். உதிரப்போக்கு கூடுவது இதிலும் உண்டு, ஆனால் பழைய லூப்பைவிடக் குறைவு. 380-ஏ வகை பத்தாண்டுகள் வரை இருக்கும்.

மாத்திரை: புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து மாலா வரை

‘பக்க விளைவு’ என்ற சொல்லுக்கு இன்று நாம் தரும் எடை, மாத்திரையின் வரலாற்றிலிருந்து வந்தது. கிரெகரி பிங்கஸும் ஜான் ராக்கும் உருவாக்கிய எனோவிட் மாத்திரை, 1956-ல் புவர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியத்ராஸ் குடியிருப்பில் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை கருவை முழுமையாகத் தடுக்கிறது என்று எழுதினார். ஆனால் 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி போன்றவை இருக்கின்றன, பரவலாகப் பயன்படுத்தத் தக்கதல்ல என்றும் அவரே எழுதினார். பிங்கஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்கை சொன்னதால்தான் தொல்லைகள் தோன்றுகின்றன என்பது அவர் கருத்து. வெற்று மாத்திரை கொடுத்தும் சோதித்துப் பார்த்தார். அமெரிக்க அரசு 1960-ல் எனோவிட்டைக் கருத்தடைக்கு அனுமதித்தது.

ரைஸ்-ரே சொன்னதில் பொருள் இருந்தது. அன்றைய மாத்திரையில் 10 மில்லிகிராம் நோரெதினோட்ரெல்லும் 0.15 மில்லிகிராம் மெஸ்ட்ரனாலும் இருந்தன. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம் மட்டுமே. இரண்டும் வெவ்வேறு சேர்மங்கள் என்பதால் நேரடியாக வகுத்துவிடக் கூடாது. அந்த வேறுபாட்டைக் கழித்தாலும் இன்றைய வீரியம் அன்றையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

1961-லேயே பிரிட்டனிலிருந்து ரத்த உறைவு பற்றிய முதல் அறிக்கை வந்துவிட்டது. அதன்பின் ஆய்வுகள் குவிந்தன. 1969 டிசம்பரில் பிரிட்டிஷ் மருந்துப் பாதுகாப்புக் குழு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளைத் தவிர்க்கச் சொன்னது. அதே ஆண்டு பார்பரா சீமனின் நூல் அமெரிக்காவில் வெளியாக, 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களில் மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவர்கூட இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து இளம்பெண்கள் எழுந்து குரல் கொடுத்தார்கள். இதன் விளைவாகத்தான் மாத்திரை அட்டையோடு எச்சரிக்கைத் தாள் வைக்கும் விதி வந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்தால் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை நாம் படிக்காமல் எறிந்துவிடுகிறோம். அது ஒரு போராட்டத்தில் பெற்றது.

ரத்த உறைவு அபாயத்தை எண்ணிக்கையில் பார்த்தால் பயமும் அலட்சியமும் இரண்டும் அடங்கும். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்குழாயில் உறைவு ஏற்படுகிறது. கூட்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவோரில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர். பிரசவித்த முதல் சில வாரங்களில் இந்த விகிதம் 40 முதல் 65 வரை போகிறது. ஆக மாத்திரை அபாயத்தைக் கூட்டுகிறது, ஆனால் வேண்டாத கர்ப்பம் அதைவிடக் கூட்டுகிறது. இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர், கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர், பிரசவித்து ஆறு மாதம் ஆகாத பால் கொடுக்கும் தாய் ஆகியோர் இந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

இந்திய அரசுத் திட்டத்தில் மாத்திரைக்கு நீண்ட காலம் பெரிய இடம் கிடைக்கவில்லை. படிக்காத பெண்களால் தினமும் நினைவு வைத்துச் சாப்பிட முடியாது என்று டெல்லியில் முடிவு செய்துவிட்டார்கள். இதே பெண்கள்தான் பௌர்ணமி, அமாவாசை, கிருத்திகை, சஷ்டி என்று ஒரு விரதத்தையும் தவறவிடாதவர்கள்.

ஆண்கள் வந்து போன கதை

சென்னை மாகாணம் அறுவை சிகிச்சையில் முன்னோடி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னையின் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பாதியில் அறுவை செய்துகொள்வோருக்கு 30 ரூபாய் தரும் திட்டம் இங்கே வந்தது. அழைத்து வருபவருக்கும் பணம் உண்டு. அப்போது வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை இன்றைய தலைமுறை நம்பாது.

ஆணுறை அதற்கடுத்த பத்தாண்டில் பரவலானது. அதற்கு முதலில் மன்மதனைக் குறிக்கும் ‘காமராஜ்’ என்ற பெயரை யோசித்தார்கள் என்றும், அன்றைய காங்கிரஸ் தலைவரின் பெயரே அதுதான் என்று யாரோ நினைவூட்டியபின் கைவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். 1968-ல் ‘நிரோத்’ என்ற பெயரில், மூன்று 15 பைசாவுக்கு, தேயிலை விற்கும் கம்பெனிகளின் விற்பனை வலைப்பின்னல் வழியே அது பெட்டிக்கடைகளுக்குப் போனது.

1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய ஒரு மாத முகாமில் 63,418 பேர், பெரும்பாலும் ஆண்கள், அறுவை செய்துகொண்டார்கள். பரிசுப் பொருட்கள், ஊர்வலம், கலை நிகழ்ச்சி என்று திருவிழா போல நடந்தது. இதைப் பார்த்துப் பிற மாநிலங்களும் முகாம் நடத்தின. பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் நாடு முழுவதும் சுமார் 82 லட்சம் அறுவைகள் நடந்தன. அவற்றில் 62 லட்சம் ஆண்களுக்கு. சம்பளத்தை நிறுத்தியும், ஊரைச் சுற்றி வளைத்தும் ஆள் பிடித்த செய்திகள் ஷா கமிஷன் விசாரணையில் வெளிவந்தன. அறுவையைத் தொடர்ந்து 1,774 பேர் இறந்ததாகக் கமிஷன் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு மொத்த அறுவைகள் பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தன. அதில் ஆண்கள் இரண்டு லட்சம்கூட இல்லை.

ஆண் அறுவையின் மருத்துவப் பக்க விளைவுகள் சொற்பம். சில நாள் வீக்கம், எப்போதாவது ரத்தக்கட்டு அல்லது தொற்று. மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு தேவை. ஆண்மைக்குக் குறைவில்லை. ஆனால் அரசியல் பக்க விளைவு மிகப் பெரியது. ஓர் அரசே கவிழ்ந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆண்கள் கோபப்பட்டால் ஓட்டு போகும் என்று 1977-ல் எல்லாக் கட்சிகளும் கற்றுக்கொண்டன. இலக்குகள் போகவில்லை, பெண்கள் பக்கம் திரும்பின. லேப்ராஸ்கோப் கருவி வந்தபின் பெண்களுக்கும் முகாம் போட முடிந்தது.

அதன் விலை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் தெரிந்தது. பயன்பாட்டில் இல்லாத ஒரு கட்டடத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். இதிலும் அதே வட்டாரத்தின் வேறு முகாம்களிலும் பத்துக்கும் மேற்பட்ட இளம் தாய்மார்கள் இறந்தார்கள். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. இந்த மரணங்களுக்காக எந்த அரசும் கவிழவில்லை.

ஊசியும் வாராந்திர மாத்திரையும்

1980களின் நடுவில் ஆந்திரத்தின் பட்டஞ்செருவில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியைப் பெண்களுக்குச் சோதிக்க ஏற்பாடானது. இது சோதனை என்பதே வந்திருந்த பெண்களுக்குத் தெரியாது என்று கண்ட பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. ஸ்த்ரீ சக்தி சங்கடனா உள்ளிட்ட அமைப்புகள் 1986-ல் உச்ச நீதிமன்றம் சென்றன. இதன்பின் டெப்போ-புரோவெரா ஊசி 1990களில் தனியார் மருத்துவர்களிடம் கிடைத்தாலும், அரசுத் திட்டத்துக்குள் வர 2017 வரை ஆனது. ‘அந்தரா’ என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போது இலவசமாகப் போடப்படுகிறது.

அந்த எதிர்ப்பு தேவையற்றது என்று சில மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஊசி திறனுள்ளது, பால் கொடுப்பவர்களுக்கும் பிரசவமாகி ஆறு வாரங்களுக்குப் பிறகு ஏற்றது என்பது சரி. ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மாதவிடாய் ஒழுங்கு தவறும், பிறகு பலருக்கு நின்றேவிடும். எலும்பின் அடர்த்தி குறையும், நிறுத்தியபின் பெரும்பாலும் மீளும். மீண்டும் கருவுறப் பல மாதங்கள் பிடிக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சரி என்பவளுக்கு இது நல்ல முறை. லூப் வந்தபோது நடந்தது திரும்ப நடக்கக் கூடாது என்றுதான் அந்த அமைப்புகள் நின்றன. முப்பதாண்டுத் தாமதத்தில் நியாயமான பகுதி அது.

இந்தியாவின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் தலைமையில் உருவான சென்ட்குரோமன். ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாத வாய்வழிக் கருத்தடை மாத்திரை. 1991-ல் ‘சகேலி’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. குமட்டல் இல்லை, ரத்த உறைவு அபாயம் பெரிதாகச் சொல்லப்படவில்லை. சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். கருத்தடைக்காக மாத்திரை சாப்பிடுபவளுக்கு நாள் தள்ளிப்போவதைவிடப் பெரிய கலக்கம் எது? முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள். 2016-க்குப் பிறகு ‘சாயா’ என்ற பெயரில் இதுவும் அரசுத் திட்டத்தில் இருக்கிறது.

2016-ல் இன்னொரு செய்தியும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் பல நாடுகளில் நடந்த ஆண் கருத்தடை ஊசிச் சோதனையின் முடிவு வெளியானது. கருத்தடைத் திறன் நன்றாகவே இருந்தது. மனச்சோர்வு, முகப்பரு, வலி ஆகியவை அதிகம் என்று வெளிக் கண்காணிப்புக் குழு அதை முன்பே நிறுத்தியிருந்தது. குழுவின் முடிவு தவறென்று சொல்ல முடியாது. பங்கேற்ற ஆண்களில் பெரும்பாலோர் தொடர விரும்பினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் ரியோ பியத்ராஸில் அப்படியொரு குழு இருக்கவில்லை.

லூப் கணக்கேட்டில் இல்லாமல் போன அந்தக் கட்டம் இப்போது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இருக்கிறது. தாம் பயன்படுத்தும் முறையின் பக்க விளைவுகள் பற்றி எப்போதாவது சொல்லப்பட்டதா என்று பெண்களிடம் கேட்கிறார்கள். 2015-16-ல் ‘ஆம்’ என்றவர்கள் 46.5 சதவீதம். 2019-21-ல் 62.4 சதவீதம்.